எந்தச் செடியின் கரி, எந்த மண்ணுக்கு? பயோசார் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசை மேல் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் தேங்காய்ச் சிரட்டைக் கரி, இன்னொன்றில் உமிக்கரி. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புதான். சிரட்டைக் கரியை எடுத்து மேசையில் போட்டால் கண்ணாடித் துண்டு விழுந்த மாதிரி 'கிணுங்' என்கிறது. உடைத்தால் உடைந்த முகம் பளபளக்கும். உமிக்கரியோ வெந்த பிறகும் அந்தச் சின்னப் படகு வடிவத்தை அப்படியே வைத்திருக்கிறது, ஆனால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் தூள். மூன்றாவதாகச் சீமைக்கருவேல விறகின் கரி ஒரு துண்டு இருக்கிறது. அதன் வெட்டு முகத்தை வெயிலில் காட்டிப் பார்த்தால் ஊசி குத்தியது போல நுண்ணிய ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை.

இந்த மூன்றையும் ஒரே பெயரில், "பயோசார்" (மண்ணில் போடுவதற்காகக் காற்றைக் கட்டுப்படுத்திச் சூடேற்றிச் செய்யும் கரி) என்று மூட்டை கட்டி விற்கிறார்கள். மூட்டையில் விலை இருக்கும், எடை இருக்கும், ஒரு பச்சை இலைப் படமும் இருக்கும். எதை எரித்துச் செய்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். செடியில் என்ன இருந்ததோ அதுதான் கரியில் மிஞ்சும். அதனால் மண்ணைப் பார்த்து, அதற்கேற்ற செடியைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் அடுப்பைப் பற்ற வைப்பது என்ற வரிசையில் போகலாம்.

படி 1: முதலில் மண் பரிசோதனை அட்டையைத் தேடி எடுங்கள்

அட்டை இல்லையென்றால் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மூன்று எண்கள் போதும்: பி.எச். (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்), மண்ணின் உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் (அட்டையில் இ.சி. என்று இருக்கும்), அங்ககக் கார்பன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஏறக்குறைய எல்லாக் கரியும் காரத்தன்மை கொண்டது. விறகுக் கரியின் பி.எச். பொதுவாக 7 முதல் 9 வரை இருக்கும். தட்டை, தாள், எரு வகைகளில் 10 வரைக்கும் போகும். நீலகிரியின் தேயிலை மண்ணோ கன்னியாகுமரிப் பக்கத்துச் செம்பொறை மண்ணோ புளிப்பாக இருந்தால், இந்தக் காரம் சுண்ணாம்பு போட்ட பலனைக் கொடுக்கும். கோவில்பட்டிக் கரிசலில் ஏற்கெனவே பி.எச். 8-க்கு மேல். அங்கே கொண்டுபோய்க் காரமான கரியைக் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு இன்னும் எட்டாமல் போகும்.

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசி 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, வெப்பமண்டல நிலங்களில் பயோசார் போட்டதால் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியது என்றும், மிதவெப்ப நாடுகளில் அப்படி எதுவும் கூடவில்லை என்றும் சொன்னது. இந்த 25-ஐ மட்டும் வெட்டி எடுத்து விளம்பரத்தில் போடுகிறார்கள். நாமும் வெப்பமண்டலம்தானே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த உயர்வுக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது புளித்த, சத்துக் குறைந்த மண் திருந்தியதுதான். கரிசல்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண், கடலோர மணல், ஈரம் நிற்காத சரளை மண் இவற்றுக்குத்தான் நம் ஊரில் பயோசாரால் பலன் அதிகம்.

படி 2: செடிக்குள் என்ன இருக்கிறது?

வேதியியல் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

செடியின் உடம்பு முக்கியமாக மூன்று பொருள்களால் ஆனது: ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின். காற்றைக் கட்டுப்படுத்திச் சூடேற்றும்போது ஹெமிசெல்லுலோஸ் 200 முதல் 300 டிகிரிக்குள் சிதைந்துவிடும். செல்லுலோஸ் 300 முதல் 400-க்குள் போய்விடும். லிக்னின் மட்டும் அவசரப்படாது. அது மெதுவாக, நெடுந்தூரம் சிதைந்துகொண்டே போய், பெரும்பகுதி கரியாக மிஞ்சும். வைரம் பாய்ந்த மரமும் சிரட்டையும் லிக்னின் நிறைந்தவை. அதனால்தான் அவற்றின் கரி கெட்டியாகவும், மண்ணில் நெடுங்காலம் மக்காமலும் இருக்கிறது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது: சாம்பல். பொட்டாசியம், கால்சியம், சிலிக்கா போன்ற தாதுக்கள்தான் அது. தீ அதைப் பெரிதாகத் தொடாது. மற்றதெல்லாம் புகையாகப் போக, அது அப்படியே தங்கிவிடும். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள்:

100 கிலோ உமியில் ஏறக்குறைய 18 கிலோ சாம்பல் இருக்கிறது. அதைக் கரியாக்கினால் 35 முதல் 40 கிலோ கிடைக்கும். அந்த 18 கிலோவும் அதற்குள்தான். அதாவது உமிக்கரியில் கிட்டத்தட்டப் பாதி சாம்பல்.

100 கிலோ சிரட்டையில் சாம்பல் ஒரு கிலோ அளவுதான். கரி 25 முதல் 30 கிலோ வரும். அதில் சாம்பல் 3, 4 சதவீதம். மீதி பெரும்பாலும் கார்பன்.

சாம்பல் மிகுந்த கரி சத்துத் தரும், காரம் தரும், ஆனால் கார்பன் குறைவு. சாம்பல் குறைந்த கரியில் சத்து அதிகம் இருக்காது; மண்ணுக்குள் ஓட்டை ஓட்டையாக ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கும், நீரும் நுண்ணுயிரும் குடியிருக்க. உங்கள் மண் இதில் எதைக் கேட்கிறது என்பதற்குத்தான் முதல் படியில் அட்டையைத் தேடச் சொன்னேன்.

படி 3: கைக்கு எட்டுகிற மூலப்பொருள்கள்

*சீமைக்கருவேலம்.* இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த மரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடர்ந்த கட்டை, சாம்பல் குறைவு, கரி நின்று எரியும். மண்ணுக்கும் அதே குணங்கள்தான் உதவுகின்றன: உடையாத துளைகள், நீடித்த ஆயுள். செம்மண்ணுக்கும் மணலுக்கும் என் முதல் தேர்வு இதுதான். வெட்டுவதற்கு யாரும் வருத்தப்படாத மரம் என்பது கூடுதல் வசதி. வெட்டினால் மட்டும் போகாது, தூரோடு பிடுங்கினால்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஒரு உபாயம் சொல்கிறேன். மூட்டம் பிரித்த இடத்தில் விலைபோகாத குருணையும் தூளும் மிஞ்சும். அடுப்புக்கு உதவாத அந்தக் குருணை மண்ணுக்குச் சரியான அளவு. கேட்டுப் பாருங்கள், குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூட்டத்தின் ஓரத்தில் சரியாக வேகாத பழுப்புத் துண்டுகளும் மண்ணும் கலந்திருக்கும், சலித்து எடுக்க வேண்டும்.

*தேங்காய்ச் சிரட்டை.* தரத்தில் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் சிரட்டைக் கரிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் நல்ல விலை தருகின்றன. அந்த விலைக்கு விற்கிற பொருளை மண்ணில் புதைப்பது எனக்கு மனசாகவில்லை. சிரட்டையை விற்றுவிட்டு மட்டை, பாளை, பன்னாடை, குரும்பை இவற்றைக் கரியாக்குங்கள். இவற்றில் பொட்டாசியமும் குளோரைடும் கூடுதலாக இருக்கும். பல பயிர்களுக்குக் குளோரைடு ஆகாது, தென்னைக்கோ அது வேண்டியிருக்கிறது. தென்னையின் கழிவுக் கரியைத் தென்னந்தூரிலேயே போடுவது இரண்டு வகையில் பொருத்தம்.

*உமி.* இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பது இங்கேதான். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பல் நிறத் தூளையும் சில இடங்களில் பயோசார் என்று கொடுத்துவிடுகிறார்கள். அதில் கார்பன் பெரும்பாலும் எரிந்து போயிருக்கும், மிஞ்சியது முக்கியமாகச் சிலிக்கா. நல்ல உமிக்கரி கறுப்பாக இருக்க வேண்டும், உமியின் வடிவம் உடையாமல் இருக்க வேண்டும்.

ஜப்பானில் இதைக் 'குன்டான்' என்கிறார்கள், நாற்றங்காலுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். செய்முறை எளிது. ஒரு தகர டின்னைச் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு புகைக்குழாயைச் சொருகுங்கள். டின்னுக்குள் தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் கூம்பாகக் குவித்துவிடுங்கள். சில மணி நேரத்தில் கறுப்பு உள்ளிருந்து மெல்ல வெளியே வரும். மேற்பரப்பில் கறுப்புத் திட்டு தெரிந்ததும் மேலே இருக்கும் பச்சை உமியை அங்கே இழுத்து விடுங்கள். முழுக்கக் கறுத்த அந்தச் சமயத்தில் தண்ணீர் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் திரும்பும்போது வெள்ளைச் சாம்பல்தான் இருக்கும். நான் போயிருக்கிறேன்.

நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக எடுக்கும் பயிர். தண்டு விறைப்பாக நிற்க அது உதவுகிறது. எனவே வயலிலிருந்து போன சிலிக்கா உமிக்கரியாக வயலுக்கே திரும்புவது நல்ல கணக்கு. இறுகிப்போகும் களிமண் நாற்றங்காலில் இதன் இலகுத்தன்மையும் பயன்படும். தூளைக் கையாளும்போது மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் துணி கட்டுங்கள். அளவுக்கு மீறிய சூட்டில் வெந்த உமியின் சிலிக்கா படிகமாக மாறிவிடும், அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை.

*மற்றவை.* பருத்தி மார், துவரை மார் இரண்டும் கட்டைக்கும் தட்டைக்கும் நடுவில் நிற்பவை. வயலிலேயே கொளுத்துவதற்குப் பதில் கரியாக்கினால் ஓரளவு பொட்டாசியமும் ஓரளவு கார்பனும் கிடைக்கும். பெரம்பலூர்ப் பக்கம் மலைமலையாகக் கிடக்கும் மக்காச்சோளச் சக்கை எடை குறைந்த, துளை நிறைந்த கரியைத் தரும், சீக்கிரம் பொடியாகும். நிலக்கடலைத் தோலும் அப்படியே. கரும்புச் சோகையைக் கரியாக்குவதைவிட மூடாக்காகப் போடுவது மேல். வைக்கோலைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது மாட்டுக்கு. மூங்கில் நன்றாக வரும், ஆனால் கணுவைப் பிளக்காமல் தீயில் போட்டால் வெடிக்கும்.

தென்னை நார்க்கழிவில் ஒரு எச்சரிக்கை. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால், உள்ளே இருக்கும் உப்பு கரியில் செறிந்துவிடும். ஒரு முறை இதை விசாரிக்காமல் ஒரு இடத்தில் வாங்கிவிட்டேன். கரியாக்கிக் கத்தரிக்குப் போட்ட இரண்டாவது வாரத்தில் இலை ஓரங்கள் காகிதம் கருகினாற்போல் கருகின. இ.சி. பார்க்கச் செலவாகியிருக்கக்கூடிய சொற்பப் பணத்தை மிச்சம் பிடித்ததன் பலன்.

செடி இல்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கக் கோழி எருவைச் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு உண்டு. எருவிலும் கரியிலும் அது தங்கும். பாஸ்பரஸ் நிறைய, பி.எச். 10-ஐத் தொடும், கார்பன் குறைவு. இதைக் கரி என்பதைவிட உரம் என்று நினைத்துப் போடுவது பாதுகாப்பு. கரிசலுக்கு வேண்டவே வேண்டாம்.

தொடக்கூடாதவை: பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், மருந்து ஏற்றிய கட்டைகள். முந்திரிக் கொட்டைத் தோட்டையும் வீட்டளவில் எரிக்க வேண்டாம், அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தோலையும் படுத்திவிடும்.

படி 4: உலர்த்துவது, தரம் பிரிப்பது

ஒரு குழியில் ஒரே வகை, ஒரே பருமன். மணிக்கட்டுக் கனத்துக் கட்டையையும் உமியையும் சேர்த்துப் போட்டால், கட்டை வேகும் முன் உமி சாம்பலாகிவிடும். ஈரம் இருந்தால் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், புகையும் வரும். குச்சியை ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து நார் விட்டால் இன்னும் இரண்டு வாரம் வெயில் காட்டுங்கள்.

படி 5: தீ

சூட்டுக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு. 350 முதல் 450 டிகிரியில் கரி அதிகம் மிஞ்சும், சத்தைப் பிடித்து வைக்கும் திறன் கூடும், காரம் குறைவு. 600-க்கு மேல் போனால் துளைகள் கூடும், ஆயுள் கூடும், காரமும் கூடும். ஆய்வகத்தில் இதைத் திருகி வைக்கலாம். தோட்டத்துக் குழியில் நம்மால் அவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாது. நம் கையில் முழுதாக இருப்பது மூலப்பொருள் தேர்வு ஒன்றுதான், அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

கட்டை, மார், மட்டை வகைகளுக்குக் கூம்புக் குழி போதும். 2014-இல் சுவிட்சர்லாந்தில் 'கோன்-டிக்கி' என்ற பெயரில் உருவான கூம்பு உலையின் மண்குழி வடிவம் இது. மேல்வாய் ஒன்றரை மீட்டர், ஆழம் முக்கால் மீட்டர், சரிந்த சுவர். அடியில் சுள்ளிகளை அடுக்கி மேலிருந்து பற்ற வையுங்கள். மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைச் சாம்பல் பூத்ததும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேலே ஆடும் தீநாக்கு காற்றை உள்ளே விடாமல் மூடி போல நிற்கும், கீழே இருப்பது கரியாகும். புகை வந்தால் ஒரேயடியாக நிறையப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். குழி நிரம்பியதும் தண்ணீரால் நன்றாக அணைக்க வேண்டும். காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்கு எடைக்குக் கரி கிடைத்தால் திருப்தி அடையலாம். மறுநாள் காலையில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தாலும் மூட்டை பற்றிக்கொள்ளும்.

படி 6: வீட்டிலேயே சோதிப்பது

கரியைக் கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் நன்று. பிசுபிசுப்பாக ஒட்டி சோப்பைக் கேட்டால் தார் மிஞ்சியிருக்கிறது, இன்னும் வெந்திருக்க வேண்டும்.

பி.எச். பார்க்க, பொடித்த கரி ஒரு பங்கு, எடையில் 20 பங்கு ஆர்.ஓ. தண்ணீர், அவ்வப்போது கலக்கி ஒன்றரை மணி நேரம் கழித்துப் பி.எச். காகிதப் பட்டையை நனைத்துப் பாருங்கள். முளைப்புச் சோதனைக்கு இரண்டு தொட்டி: ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் பத்தில் ஒரு பங்கு கரி கலந்த மண், இரண்டிலும் 20 தட்டைப்பயறு. கரித் தொட்டியில் முளைப்பு குறைந்தால் உப்போ தாரோ இருக்கிறது.

ஆய்வகச் சான்றோடு விலைக்கு வாங்குபவர்கள் இரண்டு எண்களைக் கேளுங்கள்: அங்ககக் கார்பன் சதவீதம், ஹைட்ரஜனுக்கும் அங்ககக் கார்பனுக்குமான விகிதம் (எடையில் அல்ல, அணு எண்ணிக்கையில்). பன்னாட்டுத் தர வரையறைகளின்படி அந்த விகிதம் 0.7-க்குள் இருக்க வேண்டும்.

படி 7: ஊறப் போடுவது

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் "கரி போட்டேன், பயிர் மஞ்சளாச்சு" என்கிறார்கள். முதல் வருடம் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மிளகாய் நாற்றங்காலில் ஊறப் போடாத சீமைக்கருவேலக் கரியைக் கலந்தேன், பத்தே நாளில் நாற்று வெளிறிவிட்டது. புதுக் கரி மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். கரியில் ஒட்டியிருக்கும் எளிதில் சிதையும் பொருளைத் தின்ன வரும் நுண்ணுயிர்களும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளும்.

கரியும் நன்கு மக்கிய தொழு உரமும் சம கன அளவு, மேலே பத்து மடங்கு நீர் சேர்த்த கோமியமோ ஜீவாமிர்தமோ தெளித்து, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். கருவேலம், சிரட்டை, மூங்கில் போன்ற துளை நிறைந்த, சத்துக் குறைந்த கரிக்கு ஒரு மாதம் கொடுங்கள். உமிக்கரிக்கும் சக்கைக் கரிக்கும் இரண்டு வாரம் போதும்.

படி 8: எவ்வளவு, எங்கே

எடையில் அளக்காதீர்கள், கன அளவில் அளங்கள். ஒரு கூடை கருவேலக் கரியின் எடையில் ஏறத்தாழ இரண்டு கூடை உமிக்கரி ஏறும். ஆய்வுகளில் வழக்கமாகப் போடுவது எக்டேருக்கு 5 முதல் 10 டன். ஏக்கருக்குக் கணக்கிட்டால் 2 முதல் 4 டன். அவ்வளவு கரிக்குப் பத்து முதல் இருபது டன் காய்ந்த விறகு வேண்டும். நடக்கிற காரியமில்லை. ஆகவே வயல் முழுக்கத் தூவாமல் வேர் இருக்கும் இடத்துக்கு மட்டும் கொடுங்கள். நடவுக் குழி என்றால் குழி மண்ணில் இருபதில் ஒரு பங்கு. காய்கறிப் பாத்தி என்றால் நடவு வரிசையை ஒட்டிக் கையகலச் சால். நாற்றங்கால் தட்டு என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். மணலுக்குக் கேழ்வரகு அளவு பொடி, களிமண்ணுக்குக் கொண்டைக்கடலை அளவு துண்டு. கெட்டிக் கரி மண்ணில் நெடுங்காலம் இருக்கும் என்பதால் வருடா வருடம் போட வேண்டியதில்லை.

கரிசல்காரர் ஆசைப்பட்டால் சாம்பல் குறைந்த விறகுக் கரியை நன்றாக ஊற வைத்து, மரக்குழிகளில் மட்டும் முயன்று பார்க்கலாம். அந்த உழைப்பைத் தொழு உரத்துக்குச் செலவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மூட்டைகளின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்: எந்தச் செடி, எந்த மாதம், பி.எச். எவ்வளவு. அப்புறம், கரி போடாத நாலு பாத்தியை ஓரமாக விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விளைந்தது கரியாலா மழையாலா என்று தெரியாது. அடையாளத்துக்கு நான் குச்சி நட்டிருந்தேன், மாடு இரண்டு முறை பிடுங்கிவிட்டது. இப்போது அங்கே கல் நட்டிருக்கிறேன்.